மாரடைப்புக்குப் பிந்தைய சிக்கல்களைக் கண்டறிவது எப்படி? மருத்துவர்களிடம் மருந்து நிறுவனங்கள் என்ன சொல்லலாம்? - முழு விளக்கம்

புது டெல்லி: மாரடைப்பிலிருந்து மீண்டு வீடு திரும்பும் நோயாளியின் மருந்துச் சீட்டில் பெரும்பாலும் ஐந்தாறு மருந்துகள் இடம்பெற்றிருக்கும். அவற்றில் எவை தேவை என்பதை இரண்டு அம்சங்கள் தீர்மானிக்கின்றன. இதயத்தில் என்ன சிக்கல் ஏற்பட்டுள்ளது என்பதை மருத்துவர் கண்டறிந்த விதம் முதலாவது. அந்த மருந்தைப் பற்றி மருத்துவருக்குக் கிடைத்த தகவல் இரண்டாவது.

முதல் அம்சத்துக்கு ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எனப் பல வழிகள் உள்ளன. இரண்டாவது அம்சத்தில் மருந்து நிறுவனங்களுக்கும் அவற்றின் விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் பெரும் பங்கு இருக்கிறது. இந்த இரண்டும் தவறான இடத்தில் சந்தித்தால் உயிரிழப்பு நேரிடும் என்பதை 1989-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு முடிவு உலகுக்கு உணர்த்தியது.

மாரடைப்புக்குப் பின் வரும் சிக்கல்கள் எவை, அவை எவ்வாறு கண்டறியப்படுகின்றன, மருந்துகளை மருத்துவர்களிடம் விளம்பரப்படுத்த இந்தியாவில் என்ன விதிகள் உள்ளன என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

முதல் 48 மணி நேரம்: துடிப்பில் கோளாறு

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு செல்லும் குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பு ஏற்படும்போது, அக்குழாயை நம்பியிருக்கும் தசைப் பகுதி உயிரிழக்கத் தொடங்குகிறது. இதுவே மாரடைப்பு. அடைப்பை நீக்கிய பிறகும் ஆபத்து உடனடியாக விலகிவிடுவதில்லை.

தொடக்க மணி நேரங்களில் அதிக அச்சுறுத்தலைத் தருவது இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைவதாகும். பாதிக்கப்பட்ட தசையில் மின் சமிக்ஞைகள் தாறுமாறாகப் பரவி, கீழறைகள் சுருங்குவதற்குப் பதிலாக வெறுமனே நடுங்கும் நிலை ஏற்படலாம். சில நிமிடங்களுக்குள் மின்அதிர்ச்சி கொடுக்காவிட்டால் நோயாளி உயிரிழப்பார். மாரடைப்பு நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, ஈசிஜி திரையில் இடைவிடாது கண்காணிப்பதற்கு முதன்மைக் காரணம் இதுதான்.

இதயத்தின் அடிப்பகுதியைத் தாக்கும் மாரடைப்பில் துடிப்பு மிகவும் குறைந்துபோவதும் உண்டு. மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின் சமிக்ஞை தடைபடுவதே அதற்குக் காரணம். பலருக்கு இது தற்காலிகமாக இருந்து சரியாகிவிடும். சிலருக்குத் தற்காலிக பேஸ்மேக்கர் தேவைப்படும்.

பம்ப் பலவீனமடைந்தால்

இதயத்தின் இடது கீழறை பெருமளவில் பாதிக்கப்பட்டால், நுரையீரலிலிருந்து வரும் ரத்தத்தை முழுமையாக வெளியேற்ற முடியாமல் போகும். நுரையீரலில் நீர் கோக்கும். நோயாளி படுக்க முடியாமல் மூச்சுத் திணறுவார்.

இதன் தீவிரத்தை மதிப்பிட 1967-ஆம் ஆண்டு முதல் 'கில்லிப்' வகைப்பாடு பயன்படுத்தப்பட்டு வருகிறது. ஸ்டெதாஸ்கோப்பும் ரத்த அழுத்தமானியும் இருந்தால் போதும், படுக்கையருகிலேயே இதைச் செய்துவிடலாம். செயலிழப்பின் அறிகுறி ஏதும் இல்லாதவர் முதல் நிலையில் சேர்க்கப்படுவார். நுரையீரலின் அடிப்பகுதியில் நீர்க்கோப்பின் ஒலி கேட்டால் இரண்டாம் நிலை. நுரையீரல் முழுவதும் நீர் கோத்திருந்தால் மூன்றாம் நிலை. ரத்த அழுத்தம் சரிந்து, கை கால்கள் குளிர்ந்து, சிறுநீர் குறைந்து அதிர்ச்சி நிலைக்குச் சென்றுவிட்டால் நான்காம் நிலை. நிலை உயர உயர உயிரிழப்பு அபாயமும் உயர்கிறது.

ரத்த அழுத்தம் குறைந்த எல்லா நோயாளிகளுக்கும் ஒரே காரணம் இருப்பதில்லை. அடிப்பகுதி மாரடைப்பில் வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போது ரத்த அழுத்தம் குறையும், கழுத்து நரம்புகள் புடைக்கும், ஆனால் நுரையீரலில் நீர் இருக்காது. மார்பின் வலப்பக்கத்தில் மின்முனைகளை வைத்து எடுக்கப்படும் ஈசிஜி இதைக் காட்டிக்கொடுக்கும். இதைக் கவனிக்காமல் வழக்கம்போல் நாக்குக்கு அடியில் நைட்ரேட் மாத்திரை வைத்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியக்கூடும். சரியான நோயறிதல் இல்லாதபோது நல்ல மருந்தும் தீங்காக மாறும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

தசை கிழியும் ஆபத்து

அடைப்பை விரைந்து நீக்கும் சிகிச்சைகள் வந்த பிறகு, இறந்த தசை கிழிவது அரிதாகிவிட்டது. தற்போது 100 மாரடைப்பு நோயாளிகளில் ஒருவருக்கும் குறைவாகவே இது நிகழ்கிறது. எனினும் நிகழ்ந்தால் உயிரிழப்பு விகிதம் மிக அதிகம். முதல் 24 மணி நேரத்திலும், மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள்ளும் இந்த அபாயம் கூடுதலாக இருக்கும். மருத்துவமனைக்குத் தாமதமாக வருவோர் அதிக ஆபத்தில் உள்ளனர்.

இது மூன்று வகைப்படும். இரு கீழறைகளுக்கு இடையேயான சுவர் கிழிந்தால் மார்பில் இதுவரை இல்லாத உரத்த முணுமுணுப்பு ஒலி கேட்கும். மைட்ரல் வால்வைத் தாங்கும் தசை அறுந்தால் நுரையீரலில் திடீரென நீர் கோக்கும். இதில் முணுமுணுப்பு மெல்லியதாக இருக்கலாம், கேட்காமலும் போகலாம். வெளிச்சுவர் கிழிந்தால் இதய உறைக்குள் ரத்தம் தேங்கி, ஈசிஜியில் அலைகள் தெரிந்தாலும் நாடித் துடிப்பு நின்றுவிடும்.

இம்மூன்றையும் பிரித்தறிய உதவுவது எக்கோ பரிசோதனை. நன்றாக இருந்த நோயாளியின் நிலை மூன்றாம், நான்காம் நாளில் திடீரென மோசமானால், மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன்பு எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான நேர்வுகளில் இதற்குத் தீர்வு அறுவை சிகிச்சையே.

நாட்கள், வாரங்கள் கடந்த பிறகு

மாரடைப்புக்குப் பிறகு மீண்டும் நெஞ்சு வலித்தால் அது இன்னொரு மாரடைப்பா என்ற அச்சம் இயல்பு. ரத்தத்தில் 'ட்ரோபோனின்' புரதம் ஒரு வாரத்துக்கும் மேலாக உயர்ந்தே இருக்கக்கூடும் என்பதால் ஒரே ஒரு பரிசோதனை போதாது. சில மணி நேர இடைவெளியில் மீண்டும் அளந்து, அளவு புதிதாக உயர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூச்சை இழுக்கும்போது கூடி, முன்னோக்கிச் சாய்ந்து அமர்ந்தால் குறையும் வலி, இதய உறை அழற்சியாக இருக்கலாம். காய்ச்சலுடன் சில வாரங்கள் கழித்து வரும் இத்தகைய அழற்சி, 1956-ஆம் ஆண்டு அதை விவரித்த வில்லியம் டிரெஸ்லரின் பெயரால் அழைக்கப்படுகிறது.

இதயத்தின் முன்பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்கு, அசையாத தசைச் சுவரை ஒட்டி ரத்தக் கட்டி உருவாகலாம். அது பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் ஏற்படும். எக்கோவில் தெளிவாகத் தெரியாத கட்டியை எம்ஆர்ஐ ஸ்கேன் காட்டிவிடும்.

இதயத்தின் வெளியேற்றும் திறன் 35 சதவீதம் அல்லது அதற்கும் குறைவாக இருப்போருக்குத் திடீர் மரண அபாயம் உண்டு. ஆனால் மாரடைப்பு ஏற்பட்ட உடனே எடுக்கும் அளவை வைத்து இறுதி முடிவுக்கு வர முடியாது. குறைந்தது 40 நாட்கள் மருந்து சிகிச்சை அளித்து, மீண்டும் எக்கோ எடுத்த பிறகே, உடலுக்குள் பொருத்தும் மின்அதிர்ச்சிக் கருவி தேவையா என்பது முடிவு செய்யப்படுகிறது.

1989 தந்த எச்சரிக்கை

மாரடைப்புக்குப் பிறகு பலருக்கு இதயத்தில் இடையிடையே கூடுதல் துடிப்புகள் தோன்றுவது வழக்கம். இத்தகைய துடிப்புகள் அடிக்கடி வருவோர் திடீரென இறக்கும் வாய்ப்பும் அதிகம் என்பது 1970-களிலேயே கவனிக்கப்பட்டிருந்தது. எனவே அத்துடிப்புகளை மருந்தால் அடக்கிவிட்டால் மரணங்களைத் தடுக்கலாம் என்ற கருத்து மருத்துவ உலகில் வேரூன்றியது. கேட்பதற்கு நியாயமாக இருந்தாலும், அது சோதித்து உறுதி செய்யப்படாத ஊகமாகவே இருந்தது.

அமெரிக்காவில் 1985-இல் ஃப்ளெகைனைடு, 1986-இல் என்கைனைடு ஆகிய மருந்துகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. இரண்டுமே கூடுதல் துடிப்புகளைச் சிறப்பாக அடக்கின. ஈசிஜி பதிவில் விளைவு கண்கூடாகத் தெரிந்ததால், மருந்து வேலை செய்கிறது என மருத்துவர்கள் நம்புவதற்குத் தடை இருக்கவில்லை.

அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், ரத்த ஆய்வு நிறுவனம் இந்த ஊகத்தைச் சோதிக்க முன்வந்தது. 'காஸ்ட்' என்று அழைக்கப்படும் அந்த ஆய்வு 1987-இல் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கியது. மருந்தால் கூடுதல் துடிப்பு அடங்குகிறது என்று முதலிலேயே உறுதி செய்யப்பட்டவர்களே இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு மருந்தும், மற்றொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் தரப்பட்டன.

1989 ஏப்ரலில் இவ்விரு மருந்துகளையும் கொடுப்பது பாதியிலேயே நிறுத்தப்பட்டது. சராசரியாகப் பத்து மாதக் கண்காணிப்பில், மருந்து உட்கொண்ட 755 பேரில் 63 பேர் உயிரிழந்திருந்தனர். வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். துடிப்பை ஒழுங்குபடுத்திய மருந்து, மரணத்தை இரு மடங்குக்கும் அதிகமாக்கியிருந்தது.

வடு ஏற்பட்ட தசையில் இம்மருந்துகள் மின் சமிக்ஞையின் வேகத்தைக் குறைக்கின்றன. அதனால் சமிக்ஞை ஒரே பகுதியில் சுழன்று, உயிருக்கு ஆபத்தான வேகத் துடிப்பு உருவாக வழி ஏற்படுகிறது என்பது இதற்கு அளிக்கப்படும் விளக்கம்.

மூன்றாவது மருந்தான மோரிசிசைன் மீதான சோதனை தொடர்ந்தது. அதுவும் 1991-இல் நிறுத்தப்பட்டது. அம்மருந்தைத் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களிலேயே 665 பேரில் 17 பேர் உயிரிழந்தனர் அல்லது இதயம் நின்று மீட்கப்பட்டனர். வெற்று மாத்திரை பெற்ற 660 பேரில் அந்த எண்ணிக்கை மூன்று மட்டுமே. என்கைனைடு பின்னர் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. ஃப்ளெகைனைடு இன்றும் பயன்பாட்டில் உள்ளது. ஆனால் மாரடைப்பால் வடு ஏற்பட்ட இதயத்துக்கு அது தரப்படுவதில்லை.

பரிசோதனை அறிக்கையில் ஓர் அளவு சீராவதும், நோயாளி உயிர் பிழைப்பதும் ஒன்றல்ல என்ற பாடத்தை இந்த ஆய்வு நிலைநாட்டியது. ஒரு மருந்தைப் பரிந்துரைக்க வருவோரிடம் மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியையும் அதுவே வகுத்துத் தந்தது: இந்த மருந்து எதைக் குறைக்கிறது? அறிக்கையில் உள்ள எண்ணையா, மரணத்தையா?

ஒரே முடிவு, இரண்டு எண்கள்

நல்ல மருந்தைப் பற்றிய உண்மையான தகவலும், சொல்லும் விதத்தால் மிகையாகத் தோன்றலாம். மாரடைப்பு நோயாளிகளுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கத் தரப்படும் டிகாக்ரெலார், குளோபிடோக்ரெல் மருந்துகளை 18,624 நோயாளிகளிடம் ஒப்பிட்ட 'பிளேட்டோ' ஆய்வு 2009-இல் வெளியானது. இதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஏற்பட்டவர்கள் டிகாக்ரெலார் பிரிவில் 9.8 சதவீதம், குளோபிடோக்ரெல் பிரிவில் 11.7 சதவீதம்.

இதை "ஆபத்து 16 சதவீதம் குறைகிறது" என்றும் சொல்லலாம். "ஓராண்டில் 100 நோயாளிகளில் சுமார் இருவர் கூடுதலாகப் பயன் பெறுகின்றனர்" என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மையே. எனினும் முதல் எண்ணை மட்டும் வண்ண அட்டையில் பெரிதாக அச்சிட்டால், மருந்தின் விலையும் ரத்தக்கசிவு அபாயமும் பின்னுக்குத் தள்ளப்படும்.

எதிர்பார்ப்புக்கு மாறான முடிவுகளுக்கும் இது பொருந்தும். நாள்பட்ட இதயச் செயலிழப்பில் சிறந்த பலன் தந்த சாகுபிட்ரில்-வால்சார்டன் கூட்டு மருந்து, மாரடைப்பு ஏற்பட்ட உடனேயே தந்தால் ராமிப்ரிலைவிட மேலானதா என்று 5,661 பேரிடம் சோதிக்கப்பட்டது. 2021-இல் வெளியான அம்முடிவில், முதன்மை இலக்கில் புள்ளியியல் அடிப்படையில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. ஒரு நிலையில் நிரூபிக்கப்பட்ட பலனை வேறொரு நிலைக்கும் நீட்டித்துச் சொல்வது மருந்து விற்பனையில் கவனிக்க வேண்டிய இடமாகும்.

இந்தியாவில் விதிகள் என்ன?

மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய மருந்துகளை அரசின் அனுமதியின்றிப் பொதுமக்களிடம் விளம்பரப்படுத்த இந்தியாவில் தடை உள்ளது. எனவே இத்தகைய மருந்துகளின் விளம்பரம் முழுவதும் மருத்துவரை நோக்கியே அமைகிறது. மருந்துக்குப் பணம் கொடுப்பவர் நோயாளி. எந்த நிறுவனத்தின் மருந்து என்பதைத் தேர்வு செய்பவர் மருத்துவர். இந்த இடைவெளியில்தான் பரிசு, பயணம், விருந்து ஆகியவை நுழைகின்றன.

மருத்துவர்களைப் பொறுத்தவரை, 2002-ஆம் ஆண்டின் தொழில் நெறிமுறை விதிகளில் 2009 டிசம்பரில் திருத்தம் கொண்டுவரப்பட்டது. மருந்து நிறுவனங்களிடமிருந்து பரிசு, பயணச் செலவு, தங்கும் வசதி, ரொக்கம் ஆகியவற்றைப் பெறக் கூடாது என்று அது தடை விதித்தது. 2016-இல் தண்டனைகளும் வரையறுக்கப்பட்டன. பெறப்பட்ட பொருளின் மதிப்புக்கேற்ப, கண்டனம் முதல் ஓராண்டுக்கு மேற்பட்ட பதிவு நீக்கம் வரை விதிக்க முடியும்.

தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட்டில் புதிய விதிகளை வெளியிட்டது. அதே மாதத்தில் அவை நிறுத்தி வைக்கப்பட்டதால் 2002-ஆம் ஆண்டு விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

2024 விதித்தொகுப்பு சொல்வது

நிறுவனங்களுக்கான தன்னார்வ விதித்தொகுப்பு 2015 ஜனவரி முதல் நடைமுறையில் இருந்தது. அதற்கு மாற்றாக, மத்திய ரசாயனம் மற்றும் உரங்கள் அமைச்சகத்தின் மருந்துத் துறை, 2024 மார்ச் 12 அன்று மருந்து விற்பனை நடைமுறைகளுக்கான புதிய ஒரே சீரான விதித்தொகுப்பை வெளியிட்டது. அதன் முக்கிய அம்சங்கள் வருமாறு:

* ஒப்புதல் பெறாத மருந்தை விளம்பரப்படுத்தக் கூடாது. விளம்பரம், ஒப்புதலில் குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு உட்பட்டே இருக்க வேண்டும்.

* 'பாதுகாப்பானது' என்ற சொல்லைத் தகுந்த விளக்கமின்றிப் பயன்படுத்தக் கூடாது. பக்கவிளைவே இல்லை என்று அறுதியிட்டுக் கூறக் கூடாது. இந்தியாவில் ஓராண்டுக்கு மேலாகக் கிடைக்கும் மருந்தைப் 'புதியது' என்று சொல்லக் கூடாது.

* மருத்துவருக்கோ அவரது குடும்பத்தினருக்கோ தனிப்பட்ட பயன் தரும் பரிசும், பணப் பலனும் வழங்கக் கூடாது. கருத்தரங்கில் உரையாற்றுவோர் தவிர்த்து மற்ற மருத்துவர்களுக்குப் பயண, தங்கும் செலவை ஏற்கக் கூடாது. வெளிநாடுகளில் இத்தகைய நிகழ்ச்சிகளை நடத்தவும் தடை உள்ளது.

* புத்தகம், நாட்காட்டி, நாட்குறிப்பு போன்ற தகவல், கல்வி சார்ந்த பொருட்களை மட்டும் ஒவ்வொன்றும் ரூ.1,000 மதிப்புக்கு மிகாமல் தரலாம்.

* ஒரு மருத்துவருக்கு ஒரு மருந்தின் இலவச மாதிரிப் பொட்டலங்கள் ஆண்டுக்கு 12-க்கு மேல் தரக் கூடாது. மாதிரிகளின் மொத்த மதிப்பு, நிறுவனத்தின் ஆண்டு உள்நாட்டு விற்பனையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

* மருத்துவரைச் சந்திப்பதற்காக விற்பனைப் பிரதிநிதி பணம் கொடுக்கவோ ஆசை காட்டவோ கூடாது.

புகார்களை முதலில் விசாரிப்பது மருந்து நிறுவனங்களின் சங்கங்கள் அமைக்கும் நெறிமுறைக் குழுக்களே. மேல்முறையீட்டை மருந்துத் துறைச் செயலர் தலைமையிலான உச்சக் குழு விசாரிக்கும். கண்டித்தல், சங்கத்திலிருந்து இடைநீக்கம் அல்லது நீக்கம், திருத்த அறிக்கை வெளியிடச் செய்தல், வழங்கிய பணத்தையோ பொருளையோ திரும்பப் பெறச் செய்தல் ஆகிய நடவடிக்கைகளுக்கு இடமுண்டு.

சென்னை நிறுவனத்தின் வழக்கு

இத்துறையில் முக்கியத் தீர்ப்பு வருமான வரி வழக்கு ஒன்றில் வந்தது. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம், 'ஜின்கோவிட்' மருந்தின் விளம்பரத்துக்காக மருத்துவர்களுக்கு வழங்கிய பொருட்களின் செலவான சுமார் ரூ.4.72 கோடியைத் தொழில் செலவாகக் கணக்கில் காட்டி வரிக்கழிவு கோரியது.

மருத்துவர்களுக்கு மட்டுமே தடை உள்ளது, நிறுவனங்களுக்கு இல்லை என்ற வாதத்தை 2022 பிப்ரவரி 22 அன்று நீதிபதிகள் யு.யு. லலித், எஸ். ரவீந்திர பட் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு ஏற்கவில்லை. பெறுவது சட்டவிரோதம் எனில், கொடுத்ததற்கு வரிச் சலுகை கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. இலவசங்களுக்கான செலவு மருந்தின் விலையில் சேர்க்கப்பட்டு இறுதியில் மக்கள் மீதே சுமத்தப்படுகிறது என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

அமலாக்கம் எந்த அளவில் உள்ளது?

புதிய விதித்தொகுப்பின் கீழ் 2024 டிசம்பரில் ஒரு குறிப்பிடத்தக்க உத்தரவு வெளியானது. 30 மருத்துவர்களின் பாரிஸ், மொனாக்கோ பயணத்துக்குச் செலவிட்டதாக ஆப்வி ஹெல்த்கேர் இந்தியா நிறுவனத்தை மருந்துத் துறை கண்டித்தது. செலவான தொகை சுமார் ரூ.1.91 கோடி. சம்பந்தப்பட்ட மருத்துவர்கள் மீது தேசிய மருத்துவ ஆணையம் நடவடிக்கை எடுக்கவும் கோரப்பட்டது. அந்த வழக்கு அழகியல் சிகிச்சைப் பொருட்கள் தொடர்பானது.

விதித்தொகுப்பில் அபராதமோ சிறைத் தண்டனையோ இல்லை. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வலு அதற்கு இல்லை என்பதே விமர்சகர்களின் முதன்மையான குறை. சட்டபூர்வமான விதிகள் வேண்டும் எனக் கோரி, மருந்து விற்பனைப் பிரதிநிதிகளின் கூட்டமைப்பே உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்துள்ளது. விற்பனை இலக்குகளின் அழுத்தத்தை நேரடியாக அறிந்தவர்களே இக்கோரிக்கையை முன்வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

நோயாளிகள் என்ன கேட்கலாம்?

மாரடைப்புக்குப் பிறகு வீடு திரும்பும் முன்பு, நோயாளியோ உறவினரோ மருத்துவரிடம் சில கேள்விகளைத் தயக்கமின்றிக் கேட்கலாம். இதயத்தின் வெளியேற்றும் திறன் எத்தனை சதவீதம்? மீண்டும் எக்கோ எடுக்க வேண்டியது எப்போது? ஒவ்வொரு மருந்தும் எதற்காக, எத்தனை மாதங்களுக்கு? அதே மூலப்பொருள் கொண்ட விலை குறைந்த மருந்து உள்ளதா? எந்த அறிகுறி தென்பட்டால் உடனடியாக மருத்துவமனைக்கு வர வேண்டும்?

திடீர் மூச்சுத் திணறல், மயக்கம், மீண்டும் நெஞ்சு வலி, கை கால் செயலிழப்பு, பேச்சுக் குழறல் ஆகியவை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்.

மருந்து விளம்பரம் குறித்த ஐயம் எழுந்தாலும் எந்த மருந்தையும் தாமாக நிறுத்தக் கூடாது. குறிப்பாக, ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை இடையில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு ஏற்படும் அபாயம் உள்ளது. மாற்றம் தேவையெனில் மருத்துவரைக் கலந்தாலோசித்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.